சொக்சோ பென்சனும் நழுவும் மாதங்களும்

அறுபதாம் பிறந்தநாள் நெருங்கிவரும் கோலா குபு பாரு, கெர்லிங், களும்பாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களின் கடிதங்களில், “அறுபதானதும் சொக்சோ பென்சன் வருமா?” என்ற சந்தேகமே திரும்பத் திரும்ப எழுகிறது. வராது. அறுபதுக்குள் உழைக்கும் சக்தியை நிரந்தரமாக இழந்தவருக்கே, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ வழங்கும் இயலாமை ஓய்வூதியம் உரியது. அறுபதைக் கடந்து மனுச் செய்பவர், இயலாமை முன்பே நேர்ந்தது என்பதையும், அதன்பின் தாம் சம்பாதிக்கவில்லை என்பதையும் நிரூபித்தாக வேண்டும்.

‘சமூகப் பாதுகாப்பு’ என்று விளம்பரம் செய்யப்படும் 1969-ஆம் வருஷத்துச் சட்டம் இயலாமைக்குக் கூறும் இலக்கணமோ கடுமையானது: சுகதேகி சம்பாதிப்பதில் மூன்றிலொரு பங்கைக்கூட, தம் தேக பலத்துக்கு ஏற்ற எந்த வேலையிலும் ஈட்ட முடியாதவரே இயலாதவர். முதுகு நொந்து செம்பனைக் குலை வெட்ட இயலாதவர், உட்கார்ந்து காவல் காக்கலாமே என்று மருத்துவ வாரியம் கருதினால், மனு அத்துடன் நின்றுவிடும்.

இயலாமை ஓய்வூதியத் திட்டத்துக்குத் தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் அரை சதவிகிதம் வீதம் செலுத்துகிறார்கள். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு மாதம் எட்டு வெள்ளிச் சொச்சம். சந்தா சொற்பமே, சாமர்த்தியமெல்லாம் தகுதிக் கணக்கில் இருக்கிறது. இயலாமை அறிவிப்பு சொக்சோ அலுவலகத்தை எட்டும் மாதத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்தால் முழு ஓய்வூதியம். ஆகவே, இடைவிடாமல் செலுத்திவந்தவரும் வேலையை விட்டு 16 மாதங்களைக் கடந்துவிட்டால் இந்த வழியை இழக்கிறார். அப்போது, முதல் சந்தாவிலிருந்து எண்ணிய மொத்த மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருந்தால் முழுத் தொகையும், மூன்றிலொரு பங்குக்கு இருந்தால் குறைந்த தொகையும் உண்டு. இரண்டிலும் 24 சந்தாக்களாவது வேண்டும். இருபது வயதில் தொடங்கிப் பத்து வருஷம் சந்தா செலுத்திக் குடும்பப் பாரத்தால் நின்றுவிட்ட ஒரு பெண், 360 மாதங்கள் நிறைந்த தருணத்தில் அறிவித்தால் அவளுடைய 120 சந்தாக்கள் சரியாக மூன்றிலொன்று; ஒரு மாதம் தாமதித்தால் மாதாந்தரப் பென்சன் போய், ஒருமுறை வழங்கும் தொகையே மிஞ்சும். வியாதி ஒன்றுதான், சந்தாவும் ஒன்றுதான். தபால் சேர்ந்த தேதி மட்டுமே வேறு.

இனி, மற்றச் சந்தேகங்கள். முழு ஓய்வூதியம் எவ்வளவு? சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 சதவிகிதம்.

ஊழியர் சேம நிதியை எடுத்துவிட்டால் பென்சன் ரத்தாகுமா? ஆகாது, இரண்டும் வெவ்வேறு.

சேம நிதி பென்சனா? அல்ல, 55-இல் எடுக்கக்கூடிய சேமிப்பு.

அறுபதைக் கடந்த ஏழைகளுக்கு? சமூக நல இலாகாவின் முதியோர் உதவி, 2025 முதல் மாதம் 600 வெள்ளி. பிரஜைகளுக்கு மட்டுமே, நிரந்தரவாசிகளான சிவப்பு அட்டைக்காரர்களுக்கு இல்லை.

அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு? 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாக நியமனம் பெறுபவர்களுக்குப் பென்சன் இல்லை.

அறிவிப்புச் சேரும் தேதியே தகுதியைத் தீர்மானிப்பதால், வியாதியுற்ற அன்பர்கள் பிறந்தநாளை எதிர்பார்த்திராமல், தங்கள் சந்தாப் பதிவைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்து, அறிவிப்பை இம்மாதமே சேர்ப்பித்துவிடுங்கள்.