விளையாட்டில் முதலிடம், பாடத்தில் கடைசியிடம்: கல்லூரிக் கதவு திறக்குமா?

நீங்கள் அரியூரில் பஸ் ஏறி, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரி உப்பளத்தில் உள்ள இந்திரா காந்தி விளையாட்டரங்கத்துக்குப் பயிற்சிக்குப் போகிற மாணவர் என்று வைத்துக்கொள்வோம். வாலிபாலில் நீங்கள் போடும் சர்வீஸை எடுக்க எதிர் அணி திணறுகிறது. ஆனால் கணக்கில் 34, இயற்பியலில் 36, வேதியியலில் 38. "கவலைப்படாதே, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைத்துவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். "பந்தை மூட்டை கட்டிவிட்டுப் படி" என்கிறார்கள் வீட்டில். இருவர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

உயரம் தாண்டுதலையும் நீளம் தாண்டுதலையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். உயரம் தாண்டுகிறவர் குறுக்குக் கம்பிக்கு மேல் ஒரு விரல் இடைவெளியில் தாண்டினாலும், ஒரு முழம் இடைவெளியில் தாண்டினாலும் கணக்கு ஒன்றுதான். தாண்டினாரா, இல்லையா என்பதே கேள்வி. நீளம் தாண்டுதல் அப்படியல்ல. அங்கே ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மதிப்பு உண்டு.

விளையாட்டு ஒதுக்கீட்டில் பாட மதிப்பெண் பெரும்பாலும் உயரம் தாண்டுதல் போன்றது. விளையாட்டுச் சாதனைதான் நீளம் தாண்டுதல். குறைந்தபட்ச மதிப்பெண் என்ற கம்பியைத் தாண்டியவர்களை மட்டும் வரிசையில் நிறுத்துவார்கள். அந்த வரிசையில் முன்னே நிற்பது யார் என்பதைச் சான்றிதழ்கள் முடிவு செய்கின்றன. கம்பியைத் தட்டிவிட்டவரின் சான்றிதழை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அதில் தேர்ச்சி பெற 33 சதவீதம் போதும். ஆனால் பொறியியல் படிப்பில் சேரக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதமும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் வேண்டும். 300க்கு 135 அல்லது 120. மேலே சொன்ன மாணவரின் மதிப்பெண்களைக் கூட்டிப் பாருங்கள்: 108. அவர் தேர்ச்சி பெற்றவர்தான். ஆனால் தகுதி பெற்றவரல்ல! பொதுப் பிரிவினரானால் பாடத்துக்கு 9 மதிப்பெண் குறைவு. மற்றவரானால் பாடத்துக்கு 4. இது மலையல்ல, மேடுதான். கலை, அறிவியல் படிப்புகள் பலவற்றில் கம்பி இதைவிடத் தாழ்ந்தே இருக்கும்.

வரிசையில் நெரிசல் அதிகம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் அம்மாநிலத்தின் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் உண்டு. புதுச்சேரியில் சென்டாக் சேர்க்கையிலும் விளையாட்டு வீரர்களுக்கென இட ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டிலும் எந்த மட்டத்தில் ஆடினீர்கள், பதக்கம் பெற்றீர்களா என்று பார்ப்பார்கள். காணும் பொங்கலன்று ஊரில் வென்ற சுழற்கோப்பை வீட்டு அலமாரிக்கு அழகுதான்; ஆனால் அங்கீகாரம் பெற்ற சங்கமோ பள்ளி விளையாட்டுக் குழுமமோ நடத்தும் மாநில, தேசியப் போட்டிகளின் சான்றிதழுக்கே வரிசையில் எடை உண்டு. எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை உங்கள் டிரில் மாஸ்டரிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

பெரிய கல்வி நிலையங்களிலும் இதே அமைப்புதான். சென்னை ஐ.ஐ.டி. 2024-25 கல்வியாண்டில் ஒவ்வொரு இளநிலைப் பட்டப்படிப்பிலும் விளையாட்டு வீரர்களுக்கு 2 இடங்களைக் கூடுதலாக உருவாக்கியது. அவற்றில் ஒன்று பெண்களுக்கு. விளையாட்டுக்கெனத் தனித் தரவரிசை போட்டார்கள். ஆனாலும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் தரவரிசையில் பெயர் இருந்தே ஆகவேண்டும். அது உயரமான கம்பி.

அமெரிக்காவில் கல்லூரி அணிக்கு ஆள் தேடிப் பயிற்சியாளர்கள் ஊர் ஊராகச் செல்வார்கள். உதவித்தொகையும் தாராளம். டெல்லியில் வளர்ந்த தேஜஸ்வின் சங்கர் அப்படித்தான் 2017இல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் உயரம் தாண்டுதலில் முதலிடம் பெற்றார். 2022 காமன்வெல்த் போட்டியில் 2.22 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றார். அந்த நாட்டிலும் கம்பி இல்லாமல் இல்லை. முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஆட, உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்து, அவற்றில் 4க்குச் சராசரி 2.3 புள்ளியாவது பெற்றிருக்க வேண்டும்.

சரி, பாடத்துக்கு 9 மதிப்பெண்ணை எங்கிருந்து கொண்டுவருவது? உங்களுக்குத் தெரிந்த வழியிலேயே கொண்டுவரலாம். எந்தப் பயிற்சியாளராவது போட்டிக்கு முந்தின நாள் ஐந்நூறு சர்வீஸ் போடச் சொல்வாரா? தினம் முப்பது போடச் சொல்வார். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து, 1885இல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவுகிறது. பிறகு நழுவும் வேகம் குறைகிறது. நாட்களைப் பிரித்துப் பிரித்துத் திரும்பப் படித்தால் குறைந்த உழைப்பிலேயே மனதில் தங்குகிறது. பஸ்ஸில் போகும்போது நேற்றைய இரண்டு கணக்குகளைப் புத்தகத்தைத் திறக்காமல் மனதில் போட்டுப் பாருங்கள். அதுவும் ஒரு சர்வீஸ் பயிற்சிதான்.

இன்னொன்று, உறக்கம். காலை ஐந்து மணிக்கு மைதானம், இரவு பன்னிரண்டு மணி வரை புத்தகம் என்று இருப்பதைப் பெருமையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பகலில் கற்ற புதிய சர்வீஸானாலும் இயற்பியல் சூத்திரமானாலும், மூளை அதை உறுதிப்படுத்துவதில் உறக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த உறக்கத்தில்தான். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. அதைக் குறைத்தால் ஆட்டமும் கெடும், படிப்பும் கெடும்.

தேசியப் போட்டியும் பொதுத் தேர்வும் ஒரே நாளில் வந்தால்? போட்டியை விட்டுவிட வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற தேசிய, சர்வதேசப் போட்டிகளில் ஆடப் போகிறவர்களுக்கு சி.பி.எஸ்.இ. பிறகொரு நாளில் தனித் தேர்வு நடத்துகிறது. விண்ணப்பம் பள்ளி வழியாக முன்கூட்டியே போகவேண்டும். எனவே போட்டித் தேதி தெரிந்த அன்றே தலைமையாசிரியரைப் பாருங்கள்.