பாம்பைக் கண்டால் தடியைத் தேடாதீர்கள்

அமராவதிக் கரையில் அமைந்த தாராபுரத்தில் வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் வீடுகளை ஒட்டியே இருக்கின்றன. மழைக்காலத்தில் வளைகளில் தண்ணீர் புகுந்தால், மேடான இடம் தேடிப் பாம்புகள் வீட்டுப் பக்கம் வரும். உடனே நாம் தேடுவது தடியைத்தான். ஆனால் அடிக்கப் போகிறவர்தான் பாம்பு கொத்தும் தூரத்துக்குள் போகிறார். விலகி நின்றால் பெரும்பாலான பாம்புகள் தம் வழியில் போய்விடும்.

எவை ஆபத்தானவை?

நம் பகுதியில் உயிர்ச்சேதத்துக்குக் காரணமாகும் முக்கியமான பாம்புகள் நான்கு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். நாம் அதிகம் அடித்துக் கொல்லும் சாரைப்பாம்புக்கு விஷமே இல்லை. அது எலியைத் தின்று வாழ்கிறது. சாரையைக் கொன்றால் எலி பெருகும். எலியைத் தேடி நாகம் வரும்.

சட்டமும் மார்க்கமும்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் பாம்புகளைப் பிடிப்பதையும் கொல்வதையும் விற்பதையும் தடை செய்கிறது. மீறினால் சிறைத் தண்டனை உண்டு.

மார்க்கத்தில் பாம்பைக் கொல்ல அனுமதி உண்டே என்று சிலர் கேட்கலாம். இப்னு உமர் (ரலி) அவர்கள் பாம்புகளைக் கொன்றுவந்தார்கள். வீடுகளில் இருக்கும் பாம்புகளைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று அபூலுபாபா (ரலி) அவர்கள் தெரிவித்ததும் நிறுத்திக்கொண்டார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. இதற்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் தருகிறார்கள். ஆனால் கண்டதையெல்லாம் அடித்துக் கொல்வது மார்க்கத்தின் வழி அல்ல என்பது இதிலிருந்து புரிகிறது.

வீட்டைச் சுற்றி

பனியன் வேஸ்ட் மூட்டை, விறகு, தென்னை மட்டை, செங்கல் ஆகியவற்றைச் சுவரோரம் குவிக்காதீர்கள். தீவனமும் உணவுக் கழிவும் சிதறிக் கிடந்தால் எலி வரும். கதவிடுக்கையும் சாக்கடைக் குழாய் வாயையும் அடைத்து வையுங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலியோ தடமோ தெரியாமல் போகலாம். கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிப் படுப்பது பாதுகாப்பு. இரவு ஷிப்ட் முடிந்து வருபவர்களும் ஃபஜ்ர் தொழுகைக்குச் செல்பவர்களும் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் நடக்க வேண்டாம்.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் குழந்தைகளை விலக்கிவிட்டு, தூரத்தில் நின்று அதைக் கண்காணியுங்கள். தீயணைப்புத் துறைக்கோ (101) வனத்துறைக்கோ தகவல் கொடுங்கள். நீங்களே பிடிக்க முயலாதீர்கள்.

கடித்துவிட்டால்

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மந்திரிக்கவும் பச்சிலை தேடவும் அலைவதால் வீணாகும் நேரம் உயிரைப் பறிக்கிறது.

கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கை கால் அசையாதபடி கட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது. 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாம்பை அடித்து எடுத்துச் செல்லத் தேவையில்லை. நம் நாட்டு விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. கடித்த நேரத்தையும், கண் இமை சொருகுதல், வயிற்றுவலி, ரத்தக்கசிவு போன்ற அறிகுறிகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. இனி தனியார் மருத்துவமனைகளும் இதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த ஊரில் பாதிப்பு அதிகம் என்று தெரிந்தால்தான் மருந்து அங்கே தயாராக இருக்கும்.

அந்த மருந்துக்கான விஷமும் பாம்பிடமிருந்தே கிடைக்கிறது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர், பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். கடிபட்டவர் உயிர் பிழைப்பதில் அவர்களுக்கும் ஒரு பங்குண்டு.