படம் முகம் காட்டும், முகவரியும் சொல்லும்!

உங்களுக்கு இன்று 13 வயது. பள்ளிச் சீருடையோடு வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். அம்மா தம் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கிறார். "ஈப்போவில் பிறந்த என் செல்லத்துக்கு இன்று 13 வயது" என்று எழுதி, உங்கள் முழுப்பெயரோடு முகநூலில் போடுகிறார். மாமா, அத்தை, சித்தி என்று வாழ்த்துகள் குவிகின்றன. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

அதே படத்தை முன்பின் தெரியாத ஒருவரும் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு என்னென்ன தெரியவரும்?

படத்துக்குள் ஒளிந்திருக்கும் குறிப்பு

கைப்பேசி எடுக்கும் படம் வெறும் வண்ணப் புள்ளிகள் மட்டுமல்ல. அதோடு ஒரு சிறு குறிப்பும் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. 1995-இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட 'எக்சிஃப்' என்ற முறைப்படி இது எழுதப்படுகிறது. படம் எடுத்த நாள், நேரம், கைப்பேசியின் வகை ஆகியவை அதில் இருக்கும். கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், ஜிபிஎஸ் தரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் பதிவாகும்.

இந்த எண்கள் எவ்வளவு துல்லியமானவை? ஒரு பாகை அட்சரேகை என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். அதை 60-ஆல் வகுத்தால் ஒரு கலை, ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். மீண்டும் 60-ஆல் வகுத்தால் ஒரு விகலை, சுமார் 31 மீட்டர். மலேசியா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தீர்க்கரேகைக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். திறந்த வெளியில் கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் வரை சரியாகக் காட்டும். தாமானில் எந்த வரிசை, எந்த வீடு என்று சொல்ல அதுவே போதும்.

2012-இல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. நச்சுநிரல் தடுப்பு மென்பொருளால் புகழ்பெற்ற ஜான் மெக்காஃபியை பெலீஸ் நாட்டுக் காவல்துறை விசாரணைக்காகத் தேடியது. அவர் தலைமறைவாக இருந்தார். அப்போது 'வைஸ்' இதழ் அவருடைய படம் ஒன்றை இணையத்தில் வெளியிட்டது. படத்தில் இருந்த ஜிபிஎஸ் குறிப்பை யாரும் நீக்கவில்லை. அவர் குவாத்தமாலாவில் இருப்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. கணினிப் பாதுகாப்பு நிபுணருக்கே இந்த நிலை!

முகநூல், புலனம் போன்றவை படத்தை மற்றவர்களுக்குக் காட்டும்போது இந்தக் குறிப்பை நீக்கிவிடுகின்றன. ஆனால் அதே படத்தைப் புலனத்தில் 'ஆவணமாக' அனுப்பினால் குறிப்பும் கூடவே போகும்.

கண்ணுக்குத் தெரிவதும் ஆபத்துதான்

குறிப்பை நீக்கினாலும் சீருடையில் உள்ள பள்ளிச் சின்னம், வாசலில் உள்ள வீட்டு எண், கார் எண் பட்டை ஆகியவை படத்திலேயே இருக்கின்றன.

அடுத்து, பிறந்தநாள். நம் அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தின் குறியீடு. 2012 மார்ச் 15-இல் பேராக்கில் பிறந்த மாணவியின் எண் 120315-08 என்று தொடங்கும். மீதம் நான்கே இலக்கங்கள். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஆக, 10,000 வாய்ப்புகளில் 5,000 உடனே கழிந்துவிடும். மிஞ்சிய 5,000-ஐயும் சோதித்துப் பார்ப்பது கணினிக்குப் பெரிய வேலையல்ல. வாழ்த்துச் செய்தியாக எழுதிய ஒரு வரி, எண்ணின் முதல் எட்டு இலக்கங்களைக் கொடுத்துவிட்டது!

பூட்டு எதைக் காக்கும்?

உங்களில் பலருடைய கைப்பேசியில் பெற்றோர் கட்டுப்பாடு இருக்கலாம். ஆண்ட்ராய்டில் 'ஃபேமிலி லிங்க்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்'. பெற்றோர் கணக்கும் பிள்ளையின் கணக்கும் இணைக்கப்படுகின்றன. பெற்றோர் வைக்கும் விதிகளைப் பிள்ளையின் கைப்பேசியில் உள்ள இயங்குதளம் நிறைவேற்றுகிறது. எத்தனை மணி நேரம், எந்தச் செயலி, எந்த இணையப்பக்கம் என்பதோடு, எந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி என்பதையும் அங்கேயே முடிவு செய்யலாம். இதை வேவு பார்க்கும் கருவியாக நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். கேமராவுக்கான இருப்பிட அனுமதியை நிறுத்தினால், இனி எடுக்கும் படங்களில் உங்கள் வீட்டு எண்கள் பதியாது.

ஆனால் இந்தப் பூட்டு உங்கள் கைப்பேசிக்கு மட்டும்தான். அம்மாவின் கைப்பேசிக்கு யார் பூட்டுப் போடுவது? மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தம் சொந்த, குடும்பக் காரியங்களுக்காகக் கையாளும் தரவுகளுக்கு விலக்கு அளிக்கிறது. எனவே இதை வீட்டுக்குள் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

"அம்மா, படத்தைப் போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள். கோபமாக அல்ல, மேலே உள்ள கணக்கைக் காட்டிச் சொல்லுங்கள். அம்மா பாசத்தால்தான் போடுகிறார். ஆபத்து தெரிந்து போடவில்லை.

அதே மரியாதையை நீங்களும் தர வேண்டும். குளிக்கும் தம்பி, தூங்கும் தங்கை, வகுப்பில் அழுத தோழி ஆகியோரின் படங்கள் உங்கள் கைப்பேசியிலும் இருக்கலாம். ஒருமுறை பகிர்ந்த படத்தை நீங்கள் அழித்தாலும், மற்றவர்கள் சேமித்த பிரதி அழியாது.

இன்றே செய்து பாருங்கள்

உங்கள் கைப்பேசியில் பழைய படம் ஒன்றைத் திறந்து, அதன் விவரப் பகுதியைப் பாருங்கள். அங்கே வரைபடம் தெரிந்தால், அமைப்புகளுக்குச் சென்று கேமராவின் இருப்பிட அனுமதியை நிறுத்துங்கள். பிறகு அம்மா, அப்பாவின் கைப்பேசிகளையும் வாங்கி, அவர்கள் பக்கத்தில் அமர்ந்து சேர்ந்தே பாருங்கள். இந்த முறை பாடம் சொல்லித்தருவது நீங்கள்!