மலைப்பாதையும் டயர் வால்வும்: வாங்குமுன் அறிய வேண்டியவை

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயத்துக்கோ போளூருக்கோ இறங்கும் ஜவ்வாது மலைப்பாதையில் ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். சாமை மூட்டையோ பலாவோ ஏற்றிய பிக்கப்பும், சுற்றுலா வந்த ஜீப்பும் இதே வளைவுகளில்தான் திரும்புகின்றன. 2022 ஏப்ரல் 2ஆம் தேதி, இதே மலையில் புதூர்நாடு அருகே சேம்பரை மலைக்கோயிலுக்குச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்கு டயர்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. சமவெளியில் ஓரங்கட்டிச் சமாளித்துவிடும் சின்னக் கோளாறுகூட இந்த மலையில் உயிரைக் கேட்கும் என்பதற்காகவே நினைவூட்டுகிறேன்.

அப்படிப்பட்ட சின்னப் பொருள்களில் ஒன்று டயர் வால்வு. டியூப்லெஸ் டயரின் காற்று முழுவதும் ரிம் துளையில் செருகிய அந்த ஒரு துண்டை நம்பியே நிற்கிறது. டயருக்குப் பல ஆயிரம் கொடுக்கும் நாம், வால்வு பழசா புதுசா என்றுகூடக் கேட்பதில்லை.

ஆபத்து எங்கே?

வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். வால்வைக் கட்டைவிரலால் மெல்ல ஒருபக்கம் வளைத்து, அடிப்பகுதியைப் பாருங்கள். வறண்ட ஏரி மண்போல மயிரிழைப் பிளவு தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பிறகு சோப்பு நுரையை அடியிலும் வாயிலும் தடவுங்கள். வாயில் குமிழி வந்தால் வால்வுக்குள் இருக்கும் பின்னை இறுக்கவோ மாற்றவோ வேண்டும். அடியில் வந்தால் வால்வையே மாற்ற வேண்டும்.

மெதுவாகக் காற்று இறங்குவதும் ஆபத்துதான். காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கும். மடங்க மடங்கச் சூடேறும். பாரத்தோடு ஓடுகையில் பக்கச்சுவர் கிழியும்.

தரமற்ற வால்வு தனி ஆபத்து. சீனாவில் 2006இல் தயாரான ரப்பர் வால்வுகளில் ஓசோன் பிளவு கண்டு, 2008இல் ‘டில்’ என்ற நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 18 லட்சம் வால்வுகளைத் திரும்பப் பெற்றது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கார்களில் பரவலாக உள்ள ‘டிஆர் 413’ ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்குமானது. உங்கள் வண்டிக்கு அதற்கு மேல் காற்று தேவையென்றால் 100 பிஎஸ்ஐ தாங்கும் உயரழுத்த ரப்பர் வால்வோ, நட் போட்டு இறுக்கும் உலோக வால்வோ போடுங்கள். ரிம் துளையின் அளவு 11.5 மில்லிமீட்டரா, 15.7 மில்லிமீட்டரா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

காட்டுத்தடத்தில் ஓட்டுபவர்களுக்குக் குட்டையான உலோக வால்வு நல்லது. ரிம்முக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்வைக் கல்லும் உண்ணிச்செடிக் கட்டையும் பிடித்து இழுக்கும். உலோக வால்வு போட்டால், கொஞ்ச தூரம் ஓடியபின் நட்டைச் சரிபார்க்க வேண்டும். டியூப் டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினால் டயரும் டியூபும் ரிம்மில் நகர்ந்து, வால்வின் கழுத்து கிழியும்.

வால்வு மூடியில்லாமல் ஓட்டாதீர்கள். சேறும் மண்ணும் பின்னுக்குள் புகாமல் காப்பது அதுதான். புது டயர் போடும்போதெல்லாம் வால்வையும் மாற்றுங்கள். மலை இறங்குமுன், டயர் ஆறியிருக்கும்போது காற்றை அளந்து பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.

உங்கள் உரிமை

பழைய வால்வைக் காட்டச் சொல்வதும், பில் கேட்பதும் உங்கள் உரிமை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி பில் தராதது நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளால் காயமோ உயிரிழப்போ சொத்துச் சேதமோ நேர்ந்தால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளாக இருந்தால் விற்றவரே பொறுப்பாவார். பெயரில்லாத வால்வை வாங்கியவருக்கு இது பெரிய பிடிமானம்.

பிழைப்புக்காகச் சொந்தமாக பிக்கப் ஓட்டுபவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்று சொல்லி உங்களை விலக்கிவிட முடியாது.

தீர்வு

கெட்டுப்போன வால்வைத் தூக்கி எறியாதீர்கள். படம் எடுத்து, பில்லோடு ஒரு உறையில் போட்டு வையுங்கள். குறையை உறுதிசெய்ய நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

அடுத்த முறை பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தும்போது, ‘அண்ணே, வால்வையும் மாத்திடுங்க, பில் போட்டுக் குடுங்க’ என்று கேளுங்கள். அந்த வண்டியில் மலை இறங்கப்போவது உங்கள் குடும்பம்.