உலர் கண்: பரிசோதனையும் சிகிச்சையும்

கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், எரிச்சல், இடையிடையே மங்கும் பார்வை ஆகியன உலர் கண்ணின் அறிகுறிகளாகும். உறுத்தலினால் கண்ணீர் மிகுதியாக வடிவதும் உண்டு. குளிர்காலத்தில் வெப்பமூட்டப்பட்ட அறைகளின் வறண்ட காற்றும், இமைக்காது திரையை நோக்குவதும் இதனை அதிகரிக்கும்.

பரிசோதனை: கண் மருத்துவர் கீழிமையில் சிறு தாளொன்றை 5 நிமிடம் வைத்துக் கண்ணீரின் அளவைக் கணிப்பார். சாயத்துளி இட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை வினாடிகளில் கலைகிறதெனவும் நோக்குவார்; 10 வினாடிகளுக்குள் கலைவது குறைபாட்டைக் காட்டும். வாய் வறட்சியோ மூட்டு வலியோ இருப்பின் அதனையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். உடல் முழுவதையும் பாதிக்கும் நோயொன்று காரணமாக இருக்கலாம்.

சிகிச்சை: செயற்கைக் கண்ணீர்த் துளிகளே முதற் சிகிச்சை. நாளொன்றுக்கு நான்கு தடவைக்கு மேல் இடுவோர் பதனப்பொருள் சேராதவற்றைத் தெரிவுசெய்தல் நன்று. இமையோர எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டிருப்பின் வெதுவெதுப்பான ஒத்தடம் உதவும். சிவப்பை மட்டும் நீக்கும் துளிகளைத் தொடர்ந்து இடலாகாது.

செலவு: மருத்துவரின் பரிசோதனை அடிப்படை மருத்துவக் காப்புறுதியில் அடங்கும். எனினும் 'பிரான்சீஸ்' எனப்படும் ஆண்டுத் தொகையையும் (வயதுவந்தோருக்குக் குறைந்தது 300 பிராங்க்), அதற்கு மேற்பட்ட செலவில் 10 விழுக்காட்டையும் காப்புறுதி பெற்றவரே ஏற்பார். துளிமருந்துகள் யாவற்றுக்கும் காப்புறுதி பணம் வழங்காது. வாங்குமுன் மருந்தகத்தில் கேட்டறிக.

கடும் வலியோ திடீர்ப் பார்வைக் குறைவோ ஏற்படின் தாமதியாது மருத்துவரை நாடுக.