படகை இழுக்க எந்த வாகனம்? வாங்குவதற்கு முன் நாம் போட வேண்டிய கணக்கு

கடற்றொழில் குடும்பங்களின் தேவைகளைப் பற்றிப் பேசும்போது படகு, வலை, இயந்திரம் ஆகிய மூன்றையும்தான் எல்லோரும் சொல்வார்கள். படகு கரையிலிருந்து தண்ணீருக்கு எப்படி இறங்குகிறது, திரும்பி வந்தபின் எப்படி மேட்டுக்கு ஏறுகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காரணம், அந்த வேலை எட்டுப் பத்துப் பேரின் கைகளாலும் தோள்களாலும் நடந்து வந்தது. கணவனும் அண்ணன் தம்பியும் மச்சானும் இருந்த வீடுகளில் அது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. யுத்தம் அவர்களைக் கொண்டுபோன பிறகு, சொந்தப் படகு இருந்தும் அதைத் தண்ணீரில் இறக்க ஆளில்லை என்ற நிலை பல பெண்களுக்கு வந்தது.

வடக்கு கிழக்கில் 89,000 விதவைகள் இருப்பதாகவும் அவர்களுள் 49,000 பேர் கிழக்கைச் சேர்ந்தவர்கள் என்றும் 2010ஆம் ஆண்டு அரசாங்கத் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. அவர்களுள் கடலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் பல நிறுவனங்கள் படகுகளை வழங்கின. தரம் குறைந்த படகுகளும் அவற்றுள் இருந்ததை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் அப்போதே சுட்டிக்காட்டியது. படகு கொடுத்தவர்களில் மிகச் சிலரே அதைக் கரையேற்றும் வழியைப் பற்றி யோசித்தார்கள்.

திருகோணமலை அன்புவழிபுரத்தில் நான் பணியாற்றும் பெண்கள் குழு ஒன்றுக்குக் கடந்த ஆண்டு இந்தக் கேள்வி வந்தது. ஒன்பது பேர் சேர்ந்த குழு. இரண்டு பைபர் படகுகள் அவர்களுக்குப் பொதுவாக உள்ளன. கூலிக்கு வரும் தொழிலாளர்கள் கடலுக்குப் போக, பங்கு குழுவுக்கு வருகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து வளவில் கவிழ்த்து வைப்பார்கள். ஏற்றி இறக்க ஒவ்வொரு முறையும் வாடகை வாகனம்தான். ஓர் உறுப்பினரின் வெளிநாட்டு உறவினர், வாகனம் வாங்குவதென்றால் ஒரு பகுதிப் பணம் தருவதாகச் சொன்னார். உடனே தரகர் ஒருவர் பழைய நான்கு சக்கர இழுவை ஜீப் ஒன்றைக் காட்டினார். மிகுதிப் பணத்துக்கு லீசிங் எடுக்கலாம் என்றும் சொன்னார்.

"மிஸ், ஜீப் வாங்கிறதா, டபுள் கேப் வாங்கிறதா?" என்று இளைய உறுப்பினர்கள் கேட்டார்கள். குழுவில் மூத்த அம்மா ஒருவர் மட்டும், "பிள்ளை, முதல்ல எந்தக் கரையில இறக்கப் போறம் எண்டு பாருங்கோ" என்றார். எங்கள் தேடல் அந்த வார்த்தையிலிருந்துதான் தொடங்கியது. எமது வாசகிகளுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகின்றேன்.

முதலில் கரை

திருகோணமலையில் இருவகைக் கரைகள் உள்ளன. உட்துறைமுகப் பக்கம் நிலத்தால் சூழப்பட்டது; அலை குறைவு. உப்புவெளி, நிலாவெளி போன்ற இடங்கள் திறந்த கடலை நோக்கிய மணற்கரைகள். அங்கே மணலில் சக்கரம் புதையும். எமது பக்கத்தில் கடல் வற்றிப் பெருகும் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவு. தண்ணீர் ஏறி வந்து படகைத் தூக்கித் தரும் என்று காத்திருக்க முடியாது. இழுத்துத்தான் ஆக வேண்டும். தரை இறுகிய இடமென்றால் நான்கு சக்கர இழுவை தேவைப்படாமலே போகலாம். இளகிய மணலென்றால் சாதாரண வாகனம் போன இடத்திலேயே நின்றுவிடும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. இறக்கும்போது சரிவு நமக்கு உதவுகிறது. ஏற்றும்போதுதான் முழுப் பலமும் வேண்டும். அந்த நேரத்தில் படகு ஈர வலையுடனும் மீனுடனும் வரும்.

அடுத்து எடை

வாகனத்தைப் பார்க்குமுன் இழுக்கப்போகும் எடையைக் கூட்டிப் பாருங்கள். படகின் உடல், இயந்திரம், வலை, எண்ணெய், ஐஸ், மீன், படகைத் தாங்கும் ட்ரெயிலர் எல்லாம் அதில் சேரும். 25 குதிரைவலு இயந்திரம் ஒன்று மட்டும் ஏறத்தாழ 50 கிலோ. படகுக்குள் தேங்கும் தண்ணீரை மறக்கக் கூடாது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லீற்றர் நின்றால் 200 கிலோ. இழுக்குமுன் அடைப்பைத் திறந்து தண்ணீரை வடியவிட்டாலே பாதிக் கஷ்டம் குறையும்.

18 அடிப் படகு ஒன்றுக்கு இவையெல்லாம் சேர்ந்து பெரும்பாலும் ஒரு தொன்னைச் சுற்றியே நிற்கும். நல்ல நிலையிலுள்ள டபுள் கேப் ஒன்று தார் வீதியில் அதைச் சிரமமின்றி இழுக்கும். ஆகவே, "எஞ்சின் பெரிசு, என்னவும் இழுக்கும்" என்று தரகர் சொல்வதில் மயங்க வேண்டியதில்லை. நமக்குத் தடையாக நிற்பது எடையை விட மணல்தான்.

நான்கு சக்கர இழுவை என்றால் என்ன?

சாதாரண வாகனத்தில் இரண்டு சக்கரங்களுக்குத்தான் எஞ்சினின் பலம் போகிறது. அவை மணலில் சுற்றத் தொடங்கினால் குழி தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். நான்கு சக்கர இழுவையில் பலம் நான்குக்கும் பிரிகிறது. அத்துடன் 'லோ' என்ற மெதுவான கியர் இருக்க வேண்டும். ஏற்றத்தில் சைக்கிளின் சிறிய பல்லுக்கு மாற்றினால் மெதுவாக, ஆனால் இலகுவாக ஏறுகிறதல்லவா? அதே வேலைதான். இந்தக் கியர் இல்லாத வாகனம் கரை வேலைக்கு உதவாது. பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கர இழுவையைப் போட்டபடி காய்ந்த தார் வீதியில் ஓடக்கூடாது, பற்சக்கரங்கள் தேய்ந்துவிடும்.

மணலில் இறங்குமுன் டயரின் காற்றைக் குறைக்க வேண்டும். வீதியில் 30 இறாத்தலுக்கு மேல் இருப்பதை 15 முதல் 20 வரை இறக்கினால் டயர் பரந்து மணலின் மேல் மிதக்கும். வீதிக்கு ஏறியதும் மீண்டும் காற்றடிக்க வேண்டும். எனவே கை பம்ப் ஒன்றும் இரண்டு பலகைகளும் மண்வெட்டியும் வாகனத்தில் இருப்பது அவசியம்.

உப்புத் தண்ணீர்தான் வாகனத்தின் முதல் எதிரி. பழைய ஜீப் பார்க்கப் போகும்போது பெயின்றைப் பார்க்காமல் கீழே குனிந்து சட்டத்தைப் பாருங்கள். சிறிய சுத்தியலால் தட்டினால் துருப்பிடித்த இடம் மங்கிய சத்தம் தரும். நம்பிக்கையான கராஜ் பாஸ் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அவர் தரகருக்குத் தெரிந்தவராக இருக்கக் கூடாது. ஓடி வந்த சூட்டுடன் ட்ரெயிலர் சக்கரத்தைக் கடலில் இறக்கினால் பெயாரிங்குக்குள் உப்புத் தண்ணீர் உறிஞ்சப்படும். சிறிது நேரம் ஆறவிடுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

வாகனம் தண்ணீரைத் தொடத்தான் வேண்டுமென்றில்லை. ட்ரெயிலருக்கும் வாகனத்துக்கும் இடையே நீளமான, உறுதியான கயிறு போட்டால் வாகனம் இறுகிய தரையில் நின்றபடியே படகை மேலே இழுக்கும். ஆனால் கயிறு இறுகி நிற்கும்போது யாரும், குறிப்பாகப் பிள்ளைகள், அருகில் நிற்கக் கூடாது. கயிறு அறுந்தால் சாட்டைபோல் வந்து அடிக்கும்.

அரை மணி நேர வேலைக்கு ஒரு ஜீப்பா?

இவ்வளவும் பார்த்தபின் குழுவினர் ஒரு சுலபமான கணக்குப் போட்டார்கள். காலையும் மாலையும் சேர்த்து வாகனத்துக்குக் கரையில் இருப்பது அரை மணி நேர வேலை. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடையால் பல நாட்கள் கடலுக்கே போவதில்லை. மிகுதி நேரமெல்லாம் அந்த வாகனம் என்ன உழைக்கும்?

ஜீப்புக்கு ஆள் ஏற்றும் வேலை எப்போதாவதுதான் கிடைக்கும். உழவு இயந்திரமென்றால் பெட்டி பூட்டி நெல், விறகு, கல், தண்ணீர் ஏற்றலாம். வயல் காலத்தில் உழவுக்கு விடலாம். அதன் பெரிய பின் சக்கரங்கள் மணலுக்கும் ஏற்றவை. இரு சக்கர லேண்ட்மாஸ்டர் இன்னும் மலிவு. ஆனால் இளகிய மணலில் பாரமான படகை ஏற்ற அது தடுமாறும். ஒரே இடத்தில் எப்போதும் கரையேற்றுபவர்களுக்கு மேட்டில் கட்டிய கை வின்ச் ஒன்றே போதுமானதாக இருக்கலாம். அதற்கு எண்ணெயும் தேவையில்லை, சாரதியும் தேவையில்லை. கரையில் நிரந்தரமாக எதைக் கட்டுவதானாலும் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். கரைவலையை உழவு இயந்திர வின்ச்சால் இழுப்பது பற்றிப் பல இடங்களில் தகராறுகள் நடந்துள்ளன. நாம் இழுப்பது படகை மட்டும்தான் என்பதைக் கடற்றொழில் பரிசோதகருக்கும் மீனவர் சங்கத்துக்கும் தெளிவாகச் சொல்லி வைப்பது நல்லது.

எண்ணெய் விலையையும் நாம் மறக்க முடியாது. 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது எத்தனை படகுகள் கரையில் கிடந்தன என்பதை நாம் கண்டவர்கள். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலையும் எங்கோ போய்விட்டது.

யாருடைய பெயரில்?

லீசிங்கில் எடுக்கும் வாகனத்தின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயரே இருக்கும். தவணை தவறினால் வாகனமும் போகும், கட்டிய பணமும் போகும். நுண்கடனால் எமது பெண்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2018இல் வடக்கு கிழக்கு உட்பட 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது முற்றியது. வாடைக் காலத்தில் வருமானம் இல்லாத தொழிலுக்கு மாதந்தவறாத தவணை பொருந்தாது.

பதிவு குழுவின் பெயரில் இருக்க வேண்டும். ஒருவரின் மகன் பெயரிலோ மருமகன் பெயரிலோ எழுதிவிட்டுப் பிறகு அழுவதில் பயனில்லை. குழுவில் இருவராவது சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். உழவு இயந்திரத்துக்கு வேறு வகுப்பு என்பதையும் கேட்டறியுங்கள். யுத்த காலம் முழுவதும் ஜீப் என்பது எமது வாசலுக்கு வேறு யாரோ ஓட்டி வந்த வாகனம். அந்தச் சத்தம் கேட்டாலே பிள்ளைகளை உள்ளே இழுத்தோம். திறப்பு எமது கையில் இருப்பது சின்ன விடயமல்ல.

கைகளை மறக்கலாமா?

இங்கிலாந்தின் கென்ற் கரையில் டஞ்சனெஸ் என்ற ஊர் உண்டு. அங்கே ஆபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றும் உயிர்காப்புப் படகைக் கூழாங்கற்கள் நிறைந்த கரையில் கட்டைகள் வைத்து இழுத்து இறக்கியவர்கள் அவ்வூர் மீனவர் வீட்டுப் பெண்கள். அந்த நாட்டு உயிர்காப்புப் படகு நிறுவனம் 1920இலேயே உழவு இயந்திரத்தைக் கரையில் பரீட்சித்துப் பார்த்தது. ஆனாலும் டஞ்சனெஸில் பெண்களின் பணி 1979 வரை தொடர்ந்தது. அதன் பின் இயந்திரம் அந்த இடத்தை எடுத்தது. படகு இழுப்பது ஆண்களின் வேலை என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

எங்கள் கரையிலும் படகு வரும் நேரத்தில் கைகொடுக்க வருபவர்கள் உண்டு. அவர்களுள் வயதான விதவைகளும் இருக்கிறார்கள். ஒரு கை பிடித்தால் கறிக்கு நாலு மீன் கிடைக்கும். அன்றைய சோறு அதனால்தான் இறங்கும். வாகனம் வந்தால் அந்தக் கை தேவையில்லை, அந்த மீன்? இதைக் கூட்டத்தில் எழுப்பியதும் அதே மூத்த அம்மாதான். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

குழு எடுத்த முடிவு இது. ஜீப் வேண்டாம், லீசிங் வேண்டாம். ஒரு பருவத்துக்கு உழவு இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது. ஒவ்வோர் இழுப்பையும், கொடுத்த பணத்தையும், கடலுக்குப் போகாத நாட்களையும் ஒரு கொப்பியில் எழுதுவது. பருவம் முடிய அந்தக் கணக்கை வைத்து, உறவினரின் பணத்துக்குள் அடங்கும் பழைய உழவு இயந்திரம் ஒன்றைக் கூட்டாக வாங்குவதா என்று தீர்மானிப்பது. கைகொடுக்க வந்தவர்களுக்கான கறிமீன் பங்குப் பணத்தைப் பிரிக்குமுன்னரே ஒதுக்கப்படும். அவர்கள் கட்டை வைப்பதையும் வலை உதறுவதையும் தொடர்ந்து செய்வார்கள்.

கொப்பி இப்போது பாதி நிரம்பியிருக்கிறது. இளைய உறுப்பினர்களில் இருவர் உழவு இயந்திரம் ஓட்டப் பழகுகிறார்கள். பிற ஊர்களில் இவ்வாறான முடிவை எடுக்கவிருக்கும் சகோதரிகளும் வாகனச் சந்தைக்குப் போகுமுன் கரைக்கு ஒருமுறை போய்வாருங்கள். மணலையும் எடையையும் வேலையில்லாத நாட்களையும் எழுதுங்கள். பதிவுப் புத்தகத்தில் வரப்போகும் பெயரை எழுதுங்கள். இதுவரை இழுத்த கைகள் யாருடையவை என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.