பில் போடும்போது சர்வர் தானாக ஆப் ஆகி ஆன் ஆகுதா? காரணத்தை காட்டிக் கொடுக்கும் 'லாக்' பதிவுகள்

ஈரோடு:-

ஜவுளிக்கடைகளில் இப்போது கல்லாப்பெட்டியைவிட முக்கியமான பெட்டி ஒன்று இருக்கிறது. அதுதான் சர்வர். மாடிப்படிக்கு அடியிலோ, குடோன் மூலையிலோ துணி மூட்டைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும். பில், ஸ்டாக், பாக்கி கணக்கு, ஜி.எஸ்.டி. எல்லாமே அதற்குள் இருக்கும் டேட்டாபேசில்தான் அடக்கம்.

திங்கட்கிழமை இரவு ஜவுளிச்சந்தை களைகட்டும் நேரத்தில் இந்த பெட்டி திடீரென தானாக ஆப் ஆகி ஆன் ஆனால் என்ன நடக்கும்? எல்லா பில் கவுண்ட்டரும் ஒரே நேரத்தில் ஸ்தம்பித்து விடும். வெளியூர் வியாபாரிகள் "வண்டி நிக்குது, சீக்கிரம் போடுங்க" என்று சத்தம் போடுவார்கள். 5 நிமிடத்தில் சர்வர் உயிர் பெற்றுவிடும். "அப்பாடா, வந்துடுச்சு" என்று எல்லோரும் வியாபாரத்தை பார்க்க போய்விடுவார்கள்.

தப்பு நடப்பது அங்கேதான். மறுநாளும் ஆப் ஆகும். அடுத்த வாரம் 2 தடவை ஆகும். ஏன் ஆனது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

காணாமல் போகும் பில்

டேட்டாபேஸ் சாப்ட்வேர்கள் ஒவ்வொரு கணக்கையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் பிறகு பேரேட்டில் ஏற்றும். பாதியில் கரண்ட் போனாலும், மறுபடி ஆன் ஆனதும் குறிப்பேட்டை படித்து, முடிந்த கணக்கை சேர்த்துக்கொள்ளும். பாதியில் நின்ற கணக்கை அழித்துவிடும். அதனால் சாதாரணமாக டேட்டா கெட்டுப்போகாது.

ஆனால் சில பில்லிங் சாப்ட்வேர்கள் முதலில் பில்லை பிரிண்ட் செய்துவிட்டு, அதன்பிறகே கணக்கை முடிக்கின்றன. இடையில் சர்வர் ஆப் ஆனால் பில் பேப்பரில் இருக்கும், கம்ப்யூட்டரில் இருக்காது. வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிட்டு துணியோடு போயிருப்பார். அடுத்து வருபவருக்கு அதே பில் நம்பர் விழும். ஒரு நிதியாண்டில் ஒரே நம்பரில் 2 பில் இருக்கக்கூடாது என்பது ஜி.எஸ்.டி. விதி.

இதைவிட மோசமானது ஸ்டாக் எடுக்கும் நாளில்தான் தெரியவரும். கம்ப்யூட்டர் 10 சேலை இருப்பு என்று காட்டும். அலமாரியில் 8தான் இருக்கும். அந்த செக்ஷனில் நிற்கும் சேல்ஸ் ஊழியரை கூப்பிட்டு விசாரிப்பார்கள். பாவம், அவருக்கு சர்வர் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட தெரிந்திருக்காது.

ஆப் ஆனது எது?

சர்வீஸ் என்ஜினீயர்கள் முதலில் பார்ப்பது ஒன்றுதான். ஆப் ஆனது முழு கம்ப்யூட்டரா, இல்லை டேட்டாபேஸ் சாப்ட்வேர் மட்டுமா? கவுண்ட்டரில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வைத்தியம்தான் வேறு வேறு.

லினக்ஸ் சர்வராக இருந்தால் 'அப்டைம்' என்ற கட்டளை கொடுத்தால் போதும், எத்தனை நாளாக ஓடுகிறது என்று சொல்லிவிடும். விண்டோசில் டாஸ்க் மேனேஜரிலேயே இது இருக்கிறது. எஸ்.கியூ.எல். சர்வர் டேட்டாபேஸ் என்றால் 'டெம்ப் டிபி' எப்போது உருவானது என்று பார்க்கலாம். ஒவ்வொரு முறை அந்த சாப்ட்வேர் கிளம்பும்போதும் அது புதிதாக உருவாகும்.

கம்ப்யூட்டர் 40 நாளாக ஓடுகிறது, டேட்டாபேஸ் மட்டும் நேற்று இரவு கிளம்பியிருக்கிறது என்றால் யு.பி.எஸ். மீது பழி போட்டு பிரயோஜனம் இல்லை. லினக்சில் மெமரி தீர்ந்து போனால், சிஸ்டமே அதிக மெமரி தின்னும் புரோகிராமை கொன்றுவிடும். டேட்டாபேஸ்தான் அதிகம் தின்னும், அதுவே முதலில் பலியாகும். உடனே காவலுக்கு இருக்கும் இன்னொரு புரோகிராம் அதை மறுபடி கிளப்பிவிடும். லாக்கில் 'அவுட் ஆப் மெமரி' என்ற வரி இருந்தால் இதுதான் காரணம். மை எஸ்.கியூ.எல்.லுக்கு இருக்கிற மெமரி முழுவதையும் எழுதிக்கொடுத்துவிட்டு, அதே பெட்டியில் வேறு சாப்ட்வேர்களையும் ஓட்டினால் இப்படித்தான் ஆகும். விண்டோசில் டேட்டாபேஸ் மட்டும் விழுந்தால் 7031 அல்லது 7034 என்ற நம்பர் பதிவாகி இருக்கும்.

6008, 41, 1074

முழு கம்ப்யூட்டரும் ஆப் ஆகியிருந்தால் விண்டோசில் 'ஈவென்ட் வியூவர்' என்ற பகுதிக்கு போக வேண்டும். அதில் சிஸ்டம் லாக்கை திறந்தால் போலீஸ் ஸ்டேஷன் டைரி மாதிரி நிமிடக்கணக்கில் எழுதி வைத்திருக்கும்.

1074 என்ற நம்பர் இருந்தால், யாரோ அல்லது ஏதோ ஒரு புரோகிராம் முறைப்படி ரீஸ்டார்ட் கொடுத்திருக்கிறது. பெயரோடு இருக்கும். பல கடைகளில் இது விண்டோஸ் அப்டேட்டின் வேலையாக இருக்கும். மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் 2-வது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடுகிறது. அமெரிக்க நேரம் என்பதால் நமக்கு அது செவ்வாய் இரவு வந்து சேரும். கடை நேரத்தை 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற இடத்தில் குறித்து வைத்தால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது.

6008 என்றால் முறைப்படி மூடப்படாமல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மெசேஜுக்கு உள்ளே இருக்கும் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். வெளியே இருப்பது மறுபடி ஆன் ஆன நேரம்.

41 என்ற நம்பரில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். அதன் பெயரில் 'பவர்' என்ற வார்த்தை வருவதால் உடனே புது யு.பி.எஸ். வாங்கி விடுகிறார்கள். பணம் போனதுதான் மிச்சம். நீலத்திரை விழுந்து ஆப் ஆனாலும் அதே 41தான் வரும். அதனுள் இருக்கும் 'பக்செக்' கோடு பூஜ்ஜியமாக இருந்தால் கரண்ட் பிரச்சினையாக இருக்கலாம், அல்லது சிஸ்டம் உறைந்துபோய் யாராவது பட்டனை அமுக்கியிருக்கலாம். வேறு எண் இருந்தால் டிரைவர், மெமரி பக்கம் தேட வேண்டும்.

நீலத்திரை வந்ததை யாரும் பார்க்கவில்லையே என்பார்கள். கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோசில் செட்டிங் இருக்கிறது. திரை வந்த வேகத்தில் போய்விடும். வெளியில் இருந்து வந்த சாப்ட்வேரும் இதை செய்யும். 2024-ம் ஆண்டு ஜூலை 19-ந்தேதி கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு சாப்ட்வேர் அப்டேட் ஒன்றில் இருந்த பிழையால், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. விமான நிலையங்களில் பயணிகள் கடும் அவதிப்பட்டனர்.

லேசர் பிரிண்டரும் பேட்டரியும்

லாக்கில் எந்த காரணமும் இல்லாமல் பட்டென்று நின்றிருந்தால்தான் மின்சாரத்தை சந்தேகப்பட வேண்டும். இதில் கூத்து நிறைய உண்டு.

யு.பி.எஸ்.சில் பச்சை லைட் எரிகிறதே என்று நம்பி இருப்பார்கள். உள்ளே இருக்கும் பேட்டரி சாதாரணமாக 3 முதல் 5 ஆண்டுகள்தான் தாங்கும். கோடையில் 40 டிகிரியை தாண்டும் ஊரில், காற்றோட்டம் இல்லாத மாடிப்படிக்கு அடியில் வைத்தால் அதற்கு முன்பே படுத்துவிடும். சில யு.பி.எஸ்.கள் 14 நாளுக்கு ஒருமுறை தானாகவே பேட்டரியை சோதித்து பார்க்கும். பேட்டரி செத்துப்போயிருந்தால் அந்த சோதனையிலேயே சர்வர் ஆப் ஆகிவிடும். ஊரில் கரண்ட் போயிருக்காது, சர்வர் மட்டும் 2 வாரத்துக்கு ஒருமுறை அதே நேரத்தில் விழும். நேரத்தை எழுதி வைத்தால்தான் இது பிடிபடும்.

லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.சில் மாட்டுவது இன்னொரு வினை. பிரிண்டருக்குள் இருக்கும் ஹீட்டர் சூடாகும்போது ஒரேயடியாக கரண்டை இழுக்கும். சின்ன யு.பி.எஸ். ஓவர்லோடு ஆகி கைவிட்டுவிடும். யாராவது பிரிண்ட் கொடுத்தால் சர்வர் ஆப் ஆகுது என்று சொன்னால் சிரிக்க வேண்டாம், நிஜமாகவே ஆகும்.

பஞ்சுத்தூசி

துணிக்கடைக்கே உரிய எதிரி பஞ்சுத்தூசி. அது பேனிலும், பிராசசர் மேல் இருக்கும் அலுமினிய தகட்டிலும் படிந்து கம்பளி போர்த்தியது மாதிரி ஆகிவிடும். சூடு எல்லை தாண்டினால் பிராசசர் தன்னை காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். மதியம் மட்டும் விழுகிறது, இரவில் விழுவதில்லை என்றால் முதலில் மூடியை திறந்து பார்க்க வேண்டும். மதர்போர்டில் உள்ள கெபாசிட்டர்களின் தலை உப்பி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ரேம் கோளாறு ஒழுங்கே இல்லாமல் வரும். இன்று காலை, நாளை மறுநாள் இரவு என்று இஷ்டத்துக்கு விழும். ரேமை கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டுவது சர்வீஸ் கடைகளின் பழைய வழக்கம். சில நேரம் சரியாகவும் ஆகிவிடும். ஆனால் மெமரி டெஸ்ட் புரோகிராமை ஒரு இரவு முழுக்க ஓடவிட்டால்தான் சந்தேகம் தீரும். ரேம் கெட்டால் ரீஸ்டார்ட்டோடு போகாது, தப்பான எண்ணையே டேட்டாபேசில் எழுதிவிடும் அபாயம் உண்டு.

அழிந்து போகும் சாட்சி

அவசரத்தில் ரிப்பேர் கட்டளை கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. எஸ்.கியூ.எல். சர்வரில் டேட்டாபேஸ் நலமாக இருக்கிறதா என்று பார்க்க 'செக்டிபி' இருக்கிறது. பார்ப்பதால் ஒரு கெடுதலும் இல்லை. அதோடு வரும் ரிப்பேர் கட்டளை ஒன்றின் பெயரிலேயே 'டேட்டா லாஸ்' என்று எழுதியிருக்கிறது. படிக்காமல் அமுக்கினால் கெட்டுப்போன பக்கத்தோடு அதில் இருந்த பில்களும் போய்விடும். கைவைக்கும் முன் பேக்கப் எடுத்து, அதை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, கடைசி பில் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

எஸ்.கியூ.எல். சர்வர் தனது பழைய லாக்குகளில் 6 மட்டுமே சாதாரணமாக வைத்திருக்கும். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் ஒரு புது லாக் உருவாகும், மிகப்பழையது அழியும். "மறுபடி ஆப் பண்ணி ஆன் பண்ணி பாரு" என்று 7 தடவை செய்தால், முதல் நாள் என்ன நடந்தது என்ற சாட்சியம் போயே போச்சு. அதனால் லாக் பைல்களை முதலில் பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

கவுண்ட்டரில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. சர்வர் திரும்ப வந்த உடனே, அடுத்த பில் போடும் முன்பாக, ஒவ்வொரு கவுண்ட்டரிலும் கடைசியாக பிரிண்ட் ஆன பில் நம்பர் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரத்தையும், பில்லில் இருந்த துணியையும் ஒரு நோட்டில் எழுதி, மேனேஜரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டால், ஸ்டாக் எடுக்கும் நாளில் அந்த 2 சேலைக்காக யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்காது.